அம்மாவும் கறுப்பு டயல் வாட்ச்சும்

எங்கள் அம்மாவை ஆண்டவரின் கையில் ஒப்படைத்து ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கும், அம்மாவோடு இறால் கம்பெனியில் ஒன்றாக உட்கார்ந்து வேலை பார்த்த அக்காமார்களுக்கும், எங்கள் தெருக்காரர்களுக்கும் அம்மாவின் ஒரே மகளான என் வணக்கம்.

இப்படிப்பட்ட மலர்களில் இறந்தவரைப் பொறுமையின் சிகரம் என்று எழுதுவது வழக்கம். அம்மாவைத் தெரிந்தவர்கள் அதைப் படித்தால் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். தண்ணீர் லாரி வரும் அன்று அம்மாவுக்கு முன்னால் குடத்தை வைத்துவிட்டு வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் எங்கள் தெருவில் கிடையாது. அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். இன்னொரு காரணமும் இருக்கிறது. அடக்கத்தன்று அம்மாவை அப்பாவின் கல்லறையில் வைக்காமல், சில வரிசை தள்ளிப் புதுக் குழி வெட்டி வைத்தோம். "கட்டின புருசன் பக்கத்துல படுக்க வைக்கக்கூட மனசு வரல பாரு இந்தப் பொண்ணுக்கு" என்று பேசினீர்கள். பேச்சும் என் காதுக்கு வந்தது, பேசியவர்களின் பெயரும் வந்தது. பெயரை எழுதவில்லை, பயப்பட வேண்டாம். காரணத்தை மட்டும் எழுதுகிறேன்.

அம்மா ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா ஹார்பரில் கிரேன் ஓட்டினார். அம்மா எட்டாவது வரை படித்தார். கோயில் பாடகர் குழுவில் சேர்ந்து பாடியிருக்கிறார். குரல் கட்டை என்பதால் பங்குச் சாமியாரே பின்வரிசையில் நின்று வாயை மட்டும் அசைக்கச் சொன்னாராம். அதை அம்மா கடைசி வரைக்கும் மன்னிக்கவில்லை. அப்பா காசிமேட்டில் மீன்பிடி லாஞ்சு டிரைவர். பெண் பார்க்க வந்த அன்று, "மீன் வாடை அடிக்குது" என்று அம்மா சமையற்கட்டிலிருந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டார். அடுத்த வாரமே அப்பா முகம், கழுத்து, கை எல்லாம் பவுடர் பூசிக்கொண்டு தனியாக வந்து நின்றார். அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரித்ததில்தான் கல்யாணம் முடிவானது என்று அம்மா சொல்வார்.

மாப்பிள்ளைக்குப் போட ஒரு வாட்ச் வேண்டும் என்று தாத்தா கப்பல்காரர் ஒருவரிடம் பேசி, இரண்டு ஃபாரின் வாட்ச்சை வீட்டுக்குக் கொண்டுவந்து அம்மாவிடம் காட்டினார். இரண்டும் ஒரே மாதிரி. ஒன்றுக்கு டயல் வெள்ளை, இன்னொன்றுக்குக் கறுப்பு. கல்யாணத்துக்குக் கறுப்பா, துக்கத்துக்குத்தான் கறுப்பு என்று அம்மா வெள்ளையை எடுத்துக்கொண்டார். கல்யாண போட்டோவில் அப்பா நெஞ்சுக்குக் குறுக்கே கையை மடக்கி, வாட்ச் தெரியும்படி நிற்கிறார். அது கறுப்பு வெள்ளைப் போட்டோ. டயல் வெள்ளையாகத்தான் இருக்கிறது.

நான் சின்னப் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது அப்பா போன லாஞ்சு புயலில் மாட்டித் திரும்பவில்லை. அதில் போன யாரும் திரும்பவில்லை. அம்மா கரையை விட்டு நகரவே இல்லை. சில நாள் கழித்து எண்ணூர்ப் பக்கம் ஓர் உடல் ஒதுங்கியது. முகம் பார்த்துச் சொல்ல முடியாத நிலை. அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, போய்ப் பார்த்துவிட்டு, கையில் இருந்த வாட்ச்சை வைத்து "அண்ணன்தான்" என்று அடையாளம் சொன்னார். மூடிய பெட்டியாகத்தான் வந்தது. மூடியபடியே ஜெபம் சொல்லி மந்திரித்து அடக்கம் செய்தோம்.

எல்லாம் முடிந்த பிறகுதான் சித்தப்பா அந்த வாட்ச்சை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா கைக்குட்டையைப் பிரித்துப் பார்த்தார். டயல் கறுப்பாக இருந்தது.

"இது அவரு வாட்ச் இல்ல. அவருது வெள்ளை."

"அண்ணி, உப்புத் தண்ணி பட்டு அந்த வெள்ளை கறை புடிச்சிப் போச்சு. அதான் அண்ணன் கறுப்பு பெயிண்ட் அடிக்கக் குடுத்து வாங்கினாரு. உங்கிட்ட சொல்லல போல" என்றார் சித்தப்பா.

அது பொய் என்றும் சொல்ல முடியாது. புயலுக்கு முந்தின வாரங்களில் அப்பாவின் கை வெறுமையாகத்தான் இருந்தது. வாட்ச்சை ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாக அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எந்தக் கடை என்று சொல்லவில்லை. திரும்ப வாங்கினாரா, கட்டிக்கொண்டு போனாரா, அம்மாவுக்குத் தெரியாது. பழைய டயலைச் சுரண்டி வேறு நிறம் அடித்துக் கொடுக்கும் ஆட்கள் அப்போது பாரிமுனைப் பக்கம் நிறையப் பேர் இருந்தார்கள். பலரும் அப்படி அடித்துக்கொண்டார்கள்.

ஆக விஷயம் இவ்வளவுதான். அந்தக் கறுப்பு பின்னால் அடித்த பெயிண்ட் என்றால் எங்கள் குழியில் இருப்பது அப்பா. வாட்ச் கம்பெனியிலேயே போட்ட டயல் என்றால் இருப்பது வேறு யாரோ. ஊரெல்லாம் பழைய வாட்ச்சை வைத்துக்கொண்டு ஒரிஜினலாக இருக்க வேண்டுமே என்று ஏங்குவார்கள். எங்கள் வீட்டில் மட்டும் அது ஒரிஜினலாக இருந்துவிடக் கூடாதே என்று பயந்துகொண்டு வாழ்ந்தோம்.

அம்மா பயந்தது சும்மா இல்லை. மத்தியானம் கடல் காற்று ஏறும் நேரத்தில் எங்கள் வாசற்படியில் ஓர் ஆள் வந்து நிற்பதாக அம்மா சொல்வார். நான் பார்த்ததில்லை. ஆனால் அம்மா கையில் இருக்கும் வேலையை அப்படியே விட்டுவிட்டு வாசலைப் பார்ப்பதைப் பார்த்திருக்கிறேன்.

"நைனாவாம்மா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"உங்க நைனாவா இருந்தா நேரா உள்ள வந்து சட்டியைத் தொறந்து பாப்பாரே. இது வேற யாரோ. நனைஞ்சிகினு நிக்கிறான். உள்ள வரமாட்டேன்றான்."

அந்த ஆளுக்காக அம்மா வாசற்படியில் ஒரு சொம்பு தண்ணீர் வைப்பார். சாயங்காலம் எடுக்கும்போது தண்ணீர் குறைந்திருக்கும். காக்கா குடித்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். காக்கா குடித்ததை ஒரு நாளும் பார்த்ததில்லை. அந்தப் படியைத் தாண்டாமல், பக்கத்து வீட்டுச் சுவர் ஏறிக் குதித்துத்தான் நான் மத்தியானங்களில் விளையாடப் போவேன். எனக்குக் கல்யாணமாகி, பிள்ளைகளும் பிறந்த பிறகு அந்த வீட்டுக்குப் போனாலும் அந்த நேரத்தில் வாசல் பக்கம் முதுகைக் காட்டி உட்கார மாட்டேன். இப்போதும் அப்படித்தான்.

கல்லறைத் திருநாளுக்கு அம்மா சிலுவைக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி போட்டு, மெழுகுவத்தி ஏற்றுவார். ஜெபத்தில் மட்டும் அப்பாவின் பெயரைச் சொல்லமாட்டார். "இங்க படுத்திருக்கிறவருக்கு நித்திய இளைப்பாற்றி குடும் ஆண்டவரே" என்பார். பிறகு ஒரு மெழுகுவத்தியைத் தனியாக எடுத்துப் போய் கடல் பக்கத்து மதில் மேல் வைப்பார். காற்றில் அது உடனே அணைந்துவிடும். மறுபடியும் ஏற்றுவார். அம்மாவுக்குப் புத்தி கொஞ்சம் பிசகிவிட்டது என்று சொந்தக்காரர்கள் சிலர் சொன்னார்கள். அதுவும் எங்களுக்குத் தெரியும்.

புத்தி பிசகினவரா என்னை வளர்த்து ஆளாக்கினார்? விடியும் முன்னால் கம்பெனி வண்டியில் ஏறினால் பொழுது சாயத்தான் வருவார். ஐஸில் கிடந்து விரல் நுனியெல்லாம் வெளுத்து, தோல் உரிந்து, சோற்றில் காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். வண்டி வராத நாள்களில்தான் மத்தியானம் வீட்டில் இருப்பார். கம்பெனியில் ஒரு சூப்பர்வைசர் பெண்களைக் கேவலமாகப் பேசினான் என்று இறால் கூடையை அவன் தலையில் கவிழ்த்தவர் எங்கள் அம்மா. வேலை போனது. அடுத்த கம்பெனியில் சேர்ந்தார். சின்ன வயசுதானே என்று இன்னொரு கல்யாணம் பேசிக்கொண்டு வந்தார்கள். "மொதல் ஆளு செத்துட்டாரான்னே இன்னும் தெரியல, ரெண்டாவது ஆளுக்கு இன்னா அவசரம்?" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார். வந்தவர்கள் பாதிக் காபியில் எழுந்து போனார்கள்.

அப்படிப்பட்டவர் அந்த வாட்ச்சைக் கடையில் காட்ட மட்டும் பயந்தார். ஒரு தடவை தண்டையார்பேட்டையில் ஒரு கடை வாசல் வரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டார். "இப்ப அவரு பாதி செத்துகினு பாதி உசுரோட கீறாரு. பாத்துட்டா ஏதோ ஒண்ணு ஆயிடும் கண்ணு" என்றார். வாட்ச் பீரோவுக்குள் துணிக்கு அடியிலேயே கிடந்தது.

சிறுநீரகம் கெட்டு, மெஷினில் ரத்தம் சுத்தம் செய்யப் போய்வர ஆரம்பித்த பிறகு அம்மாவுக்கு வேறு வழி இல்லாமல் போயிற்று. குடும்பக் கல்லறை என்றால் பழைய குழியைத் திறந்து, இருக்கும் எலும்பை ஒதுக்கி வைத்து, அதன் மேலேயே அடுத்தவரை இறக்குவார்கள். அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்.

"ஊர் பேர் தெரியாத ஆம்பளை பக்கத்துல நான் போய்ப் படுக்கமாட்டேன். அது உங்க நைனான்னா சந்தோசமா படுப்பேன். எனக்குத் தெரிஞ்சாவணும். கேட்டுகினு வா."

யானைக்கவுனியில் பழைய வாட்ச் வாங்கி விற்கும் ஒரு தம்பியின் கடையை விசாரித்துக்கொண்டு போனேன். என்னைவிட வயதில் சின்னவர். ஒரு காதில் போன், ஒரு கண்ணில் பூதக்கண்ணாடி, வாய் ஓயாத பேச்சு. பின்மூடியைத் திருகிக் கழற்றினார். உள்ளே பார்த்தார். இயந்திரத்தை வெளியே எடுத்துத் திருப்பினார். போனில் இருந்தவரிடம் "அப்புறம் பேசறேன்" என்றார்.

"அக்கா, எங்கக்கா புடிச்சீங்க இதை? ஒரிஜினல் டயல்!"

"நல்லாப் பாருங்க தம்பி. கறுப்பு பெயிண்ட் அடிச்சதுதானே?"

"இல்லவே இல்ல."

"இன்னொரு வாட்டி பாருங்க. பாரிமுனையில அடிச்சதா இருக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாக்கா நீங்க? இங்க வர்றவன் எல்லாம் அடிச்ச டயலை எடுத்துகினு வந்து ஒரிஜினல்னு சொல்லுன்னு உயிரை எடுப்பான். நீங்க ஒருத்தர்தான் தலைகீழா கேக்கறீங்க. இந்தாங்க, நீங்களே பாருங்க."

கண்ணாடியை என்னிடம் கொடுத்தார். வாட்ச்சை அவரே பிடித்துக்கொண்டார். தங்க நிறத்தில் எழுத்துகள் தெரிந்தன.

"எழுத்து கறுப்புக்கு மேல இருக்குதா, கீழ இருக்குதா?"

நான் உற்றுப் பார்த்தேன். கீழேதான் இருந்தது. கறுப்பின் மேல் யாரும் எதையும் எழுதவில்லை. எழுத்து வர வேண்டிய இடத்தை விட்டுவிட்டுச் சுற்றிலும் கறுப்பைப் போட்டிருக்கிறார்கள். அடியில் இருக்கும் தகடுதான் எழுத்தாக மின்னுகிறது.

"இது கம்பெனியில மட்டும்தான் முடியும். ரோட்டுல அடிக்கறவன் மொத்தமா கறுப்பைப் பூசிட்டு அதும் மேலதான் எழுதுவான். எழுத்து மேடா நிக்கும். ஓரம் பிசிறு அடிக்கும். இங்க பாருங்க, ஆறுக்குக் கீழ விளிம்புல எறும்புக் கால் மாதிரி எந்த நாட்டுல செஞ்சதுன்னு போட்டிருக்குது. அதை எந்தப் பெயிண்டரும் எழுத மெனக்கெட மாட்டான்."

"வேற வாட்ச்சோட டயலைக் கழட்டி இதுல மாட்டியிருக்கலாம் இல்ல?"

"டயலைப் புடிச்சிருக்கிற ஸ்க்ரூ தலையில ஒரு கீறல் காட்டுங்க பாப்போம். எவனும் கை வைக்கலக்கா. இந்த டயல் இந்த வாட்ச்சோடயே பொறந்தது." சந்தோஷத்தில் அவருக்கு மூச்சு வாங்கியது. பிறகு டயலின் கீழ்ப் பக்கத்தில் இருந்த கறையைக் காட்டினார். "இதான் கொஞ்சம் அடி. தண்ணி போயிருக்குது. உப்புத் தண்ணி. கடல்ல விழுந்துச்சா? யாருதுக்கா இது?"

"தெரியாது" என்றேன்.

விலை பேச ஆரம்பித்தார். நான் வாட்ச்சைப் பிடுங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். பஸ்ஸில் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு, என்னை அறியாமல் ஜன்னல் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டிருக்கிறேன் என்பது கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது. கூட்டமான பஸ். அந்த இடத்தில் யாரும் உட்காரவில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேராகத் தண்டையார்பேட்டையில் சித்தப்பா வீட்டுக்குப் போனேன். வாட்ச்சை அவர் முன்னால் வைத்தேன்.

"டயல் பெயிண்ட் அடிச்சது இல்ல சித்தப்பா."

"எவன் சொன்னான்?"

"கடைக்காரர் சொன்னாரு. நானும் என் கண்ணால பாத்தேன்."

சித்தப்பா வாட்ச்சைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ஏழுமலை" என்றார்.

ஏழுமலை அதே லாஞ்சில் வலை இழுத்தவர். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர். அப்பாவின் வாட்ச் மேல் அவருக்கு ஒரே ஆசை. அதே மாதிரி வேண்டும் என்று ஹார்பரில் லோடுமேனாக இருந்த சித்தப்பாவைக் கேட்டிருக்கிறார். சித்தப்பாதான் கப்பல்காரரிடம் வாங்கிக் கொடுத்தார். வெள்ளை கிடைக்கவில்லை, கறுப்புதான் கிடைத்தது. வாங்கிக் கொஞ்ச நாளிலேயே புயல் வந்துவிட்டதால் அவரிடம் வாட்ச் இருந்ததே அம்மாவுக்குத் தெரியாது.

"அப்ப தெரிஞ்சேதான் சொன்னீங்களா?"

"தெரிஞ்சேதான். நான் இன்னா பண்ணட்டும், நீயே சொல்லு. உங்கம்மா கரையில நின்னுகினே கீது. சோறு துன்னல. அலையில எறங்கப் பாக்குது, பொம்பளைங்க புடிச்சி இழுத்துகினு வர்றாங்க, மறுபடியும் போவுது. நீ மண்ணுல உக்காந்து கத்திகினு கீற. எங்களுக்கு ஒரு பொணம் வேணும் கண்ணு. பொணம் இருந்தாத்தான் அது வூட்டுக்கு வரும். அங்க போயிப் பாத்தா ஏழுமலை கெடக்கறான்."

"அவங்க வூட்டு ஆளுங்க?"

"பழவேற்காட்டுப் பக்கம் தேடப் போயிருந்தாங்க. நான் பாத்தப்ப யாரும் இல்ல."

நான் கத்தினேன். அடுத்தவள் புருஷனைத் தூக்கிவந்து எங்கள் குழியில் போட்டுவிட்டு இத்தனை வருஷம் எப்படிச் சோறு இறங்கியது என்று கேட்டேன். தெருவே எட்டிப் பார்த்தது. கடைசியில் சித்தப்பா, "உங்கம்மா அன்னிக்கி வூட்டுக்கு வந்துச்சு இல்ல?" என்றார். அவர் செய்தது மகா பாவம். அவர் செய்யாமல் போயிருந்தால் நான் அம்மா இல்லாத பிள்ளை. இரண்டும் உண்மை.

வீடு வரும் வழியெல்லாம் அம்மாவிடம் பொய் சொல்லிவிடலாம் என்றே நினைத்தேன். சத்துணவுக் கூடத்தில் வேலை பார்த்து, பிள்ளைகளை அதட்டிப் பழகிய வாய் எனக்கு. பொய் சொல்வது ஒன்றும் கஷ்டமில்லை. அம்மா கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார்.

"அடிச்சது இல்ல. அதானே?"

நான் அழுதேன். அம்மா அழவில்லை. "பேரு இன்னா?" என்றார். முதலில் கேட்டதே அதுதான்.

"ஏழுமலை."

"ஏழுமலையா?" அம்மா எழுந்து உட்கார முயன்றார். நான் தாங்கிக்கொண்டேன். "நைனாவைக் கூப்புட விடியக்காலையில வருவானே. தலையைத் தொங்கப்போட்டுகினு வாசல்லயே நிப்பான். உள்ள வாடான்னா வரமாட்டான். கூச்சம். நானும் ஒரு நாளும் பேரைச் சொல்லிக் கூப்புட்டதில்ல. அவன்தானா இவன்?"

மத்தியானம்தான். காற்று ஏறியிருந்தது. அம்மா வாசலைப் பார்த்தார். பழகின ஆளைக் கூப்பிடுவதுபோலவே கூப்பிட்டார்.

"ஏழுமலை, உள்ள வா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அம்மாவின் கண்கள் வாசலிலிருந்து மெதுவாக அறைக்குள் வந்து, கட்டில் ஓரம் வரைக்கும் வந்து நின்றதை மட்டும் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் அம்மா அழுதார்.

மறுநாளே திருவொற்றியூருக்குப் போகச் சொன்னார். குப்பத்தில் விசாரித்து, விம்கோ நகரில் மகள் வீட்டில் இருந்த ஏழுமலையின் மனைவியைக் கண்டுபிடித்தேன். நெற்றி நிறையக் குங்குமம் வைத்திருந்தார். தாலியும் கழுத்தில் இருந்தது. எப்படிச் சொன்னேன் என்று கேட்காதீர்கள். சொல்லி முடித்ததும் அந்த அம்மா வாட்ச்சை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். "ஓடலையே" என்றார். கல்லறைக்கு அழைத்துப் போகிறேன் என்றேன். "வேணாம். அவரு இன்னும் கொஞ்ச நாள் உசுரோட இருந்துட்டுப் போட்டும்" என்றார்.

ஆனால் அந்த வாரமே மகளைக் கூட்டிக்கொண்டு அம்மாவைப் பார்க்க வந்தார். சண்டை வரும் என்று நினைத்துத் தயாராக இருந்தேன். இரண்டு பேரும் நேர் எதிரே உட்கார்ந்தார்கள்.

"பூ கீ போட்டீங்களா அவருக்கு?" என்று அந்த அம்மா கேட்டார்.

"வருசா வருசம்."

"இன்னா பூ?"

"சாமந்தி."

"அவருக்கு சாமந்தி வாசனையே ஆவாது."

"எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் எங்கள் அம்மா. கொஞ்சம் கோபமாகவே சொன்னார்.

அந்த அம்மா குனிந்து அம்மாவின் கையைப் பிடித்தார். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கை. "எல்லாம் சரி. நீ போயி அவரு பக்கத்துல படுத்துராத. சொல்லிட்டேன். அது என் எடம்."

"உன் புருசன் எனக்கு எதுக்குடி? நீயே வச்சிக்கோ!" என்றார் அம்மா.

இரண்டு பேரும் சிரித்தார்கள். பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். நானும் அவர் மகளும் சமையற்கட்டில் நின்று டீ போட்டோம். அம்மாவைத் தனிக் குழியில் வைத்ததற்குக் காரணம் இதுதான். இரண்டு பெண்கள் பேசி வைத்துக்கொண்டது. நான் மாற்றுவதற்கு யார்?

கடைசி வாரங்களில் அம்மா வாசலைப் பார்ப்பதை விடவில்லை. "யாராவது நிக்கிறாங்களா?" என்பார். இல்லம்மா என்பேன். "பேரைச் சொல்லிக் கூப்புட்டதும் வந்தான், உக்காந்தான், போயிட்டான். இனிமே வரமாட்டான். இனிமேலாவது உங்க நைனா வருவாருன்னு பாத்தேன். அவரும் வரல. இப்ப யாருமே இல்ல" என்றார். அம்மா அவ்வளவு தனியாக இருந்து நான் பார்த்ததில்லை. சொம்பில் தண்ணீர் வைக்கச் சொன்னார். வைத்தேன். சாயங்காலம் அப்படியே இருந்தது. ஒரு மத்தியானம் என் கையைப் பிடித்தபடியே அம்மா போய்ச் சேர்ந்தார். அந்த நேரத்தில் வாசலை நான் பார்க்கவில்லை. யாராவது வந்திருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

அம்மாவின் கல்லில் அவர் பெயருக்குக் கீழே, "கணவர் கடலில் இருக்கிறார்" என்று வெட்டச் சொல்லியிருக்கிறேன். அதையும் பேசுவீர்கள். பேசிக்கொள்ளுங்கள்.

அம்மா நோயில் கிடந்தபோது உதவியவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். மெஷினில் போடும்போது வலிக்காமல் ஊசி குத்தத் தெரிந்த நர்சு பிள்ளைகளுக்கும், நேரம் பார்க்காமல் ஆட்டோ எடுத்த எதிர்வீட்டுத் தம்பிக்கும், காரணம் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல் புதுக் குழிக்கு இடம் கொடுத்த பங்குத்தந்தைக்கும், யானைக்கவுனித் தம்பிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இதை எழுத வேண்டாம் என்று என்னிடம் கேட்டுக்கொண்ட சித்தப்பாவுக்கும் நன்றி. பல்லைக் கடித்துக்கொண்டுதான் சொல்கிறேன், ஆனாலும் சொல்கிறேன்.

கடைசியாக ஏழுமலையின் மனைவிக்கு. அடக்கத்தன்று அவர் வந்திருந்தார். நெற்றியில் குங்குமத்தோடுதான் வந்தார். வரிசையில் நின்று அம்மாவின் மேல் ஒரு பிடி மண் போட்டார். பிறகு என்னிடம் வந்து "எங்க?" என்று மட்டும் கேட்டார். நான் பழைய கல்லறை இருக்கும் பக்கம் கையைக் காட்டினேன். தனியாக நடந்து போனார். நாங்கள் இங்கே ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போது அங்கிருந்து சத்தம் கேட்டது. யார் அந்தப் பொம்பளை, ஏன் இப்படிக் கத்துகிறாள் என்று நீங்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தீர்கள். தூரத்தில் இருந்தவர்களுக்கு வார்த்தை புரிந்திருக்காது. எனக்குக் கேட்டது. சிலுவையைக் கையால் அடித்து அடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்.

"இங்கயா இருந்த? நாகப்பட்ணம் போனேன்யா. ராமேஸ்வரம் வரைக்கும் போயித் தேடினேன்யா. இங்கயா இருந்த? எங்க வூட்லேர்ந்து ஒரே பஸ்ஸுய்யா!"